கொட்டகைக் கேள்விகள்: இந்த இதழில் மடிநோய்

சென்ற இதழில் கன்றுகளின் குடற்புழு நீக்கம் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புழுவை விட்டுவிட்டு மடியைப் பற்றியே கேட்டிருந்தன. ஐப்பசி மழையில் கொட்டகை சேறாகிற நேரம், கேட்கத்தான் செய்வார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் மடிநோய்க்கே.

எங்கள் ஜெர்சிக் கலப்பு மாடு மூன்றாம் ஈத்து. மடியில் வீக்கம் இல்லை, பாலில் திரி திரியாகக் கட்டி இல்லை, தீவனமும் நன்றாக எடுக்கிறது. ஆனால் இரண்டு வாரமாக வேளைக்கு அரை லிட்டர் பால் குறைகிறது. டீ போட்டால் லேசாக உப்புக் கரிக்கிறது. சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைவு என்று சொல்லி, தண்ணீர் கலந்தாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். நான் ஒரு சொட்டுக் கூடக் கலக்கவில்லை. — வாசகி, மன்னார்குடி அருகில்

அம்மா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். தண்ணீர் கலந்த பால் உப்புக் கரிக்காது.

பாலின் இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. மடிக்குள் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள்தான் அதைச் செய்கின்றன. காம்பு வழியாகக் கிருமி ஏறி அந்தச் சுரப்பிகளைப் புண்ணாக்கினால் சர்க்கரை குறையும். இரத்தத்தில் உள்ள உப்பு, புண்ணான இடம் வழியாகக் கசிந்து பாலில் இறங்கும். உங்கள் டீயில் தெரிகிற உப்பு அதுதான். சர்க்கரை குறைந்தால் எஸ்.என்.எஃப்-உம் குறையும். உங்கள் மாட்டுக்கு வந்திருப்பது வெளியே தெரியாத மடிநோய் என்றே நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தால், தெரியாத மாதிரி 15 முதல் 40 மாடுகள் வரை இருக்கும் என்பது எங்கள் பாடப் புத்தகக் கணக்கு.

உங்கள் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன். காரணம் உண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், 1988. ஆற்றங்கரை ஓரத்து ஊர் ஒன்றில் ஒரு அம்மா இதையே சொன்னார்: "காப்பி கரிக்குதுங்க ஐயா, இடது பக்கம் பின்காம்புப் பாலு மட்டும்." நான் மடியைத் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை, வீக்கம் இல்லை. காய்ச்சலும் இல்லை. தாது உப்புக் கலவை எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பின்காம்பு கல்லாக இறுகிக் கிடந்தது. பீய்ச்சினால் மோர்த் தண்ணீர் போல நாலு சொட்டு. அந்தக் காம்பு திரும்பவே இல்லை. நோயை அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். காதில் வாங்காதவன் நான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் மாட்டைத் தொடுவதற்கு முன்னால் பால் காய்ச்சுகிறவரிடம்தான் பேசுவேன். பால் கரிக்கிறதா, அடுப்பில் திரிகிறதா, தயிர் சரியாக உறைகிறதா என்று கேட்பேன்.

நீங்கள் இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் துணி துவைக்கும் பவுடரைக் கரையுங்கள். நான்கு கொட்டாங்கச்சியோ வெள்ளைக் கிண்ணமோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பிலும் முதல் நாலு பீச்சை விட்டுவிட்டு, அடுத்து வரும் பாலைத் தனித்தனியாகப் பிடியுங்கள். எவ்வளவு பாலோ அவ்வளவு சோப்புக் கரைசல் ஊற்றி, ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றுங்கள். தண்ணீராகவே ஓடினால் அந்தக் காம்பு நல்ல காம்பு. வெண்டைக்காய்க் கொழகொழப்புப் போல இழுத்தால், அல்லது ஜவ்வரிசிக் கஞ்சி போலத் திரண்டால், அங்கேதான் கிருமி. கிருமியை எதிர்க்க உடல் அனுப்பிய வெள்ளை அணுக்கள் பாலில் லட்சக்கணக்கில் இருக்கும். சோப்பு அவற்றை உடைக்க, உள்ளே இருக்கும் மரபுப் பொருள் வெளியே வந்து கூழாகிறது. ஷாம், நூர்லாண்டர் என்ற இரண்டு பேர் 1957-ல் கலிபோர்னியாவில் இந்தச் சோதனையை உருவாக்கினார்கள். அதற்கென்று தனி மருந்து வேண்டும். சலவைப் பவுடரை வைத்தே செய்யலாம் என்று காட்டியவர்கள் பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார். வயல்காட்டு விவசாயிக்கு உதவிய ஆராய்ச்சி என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இதுதான்.

கன்று போட்ட முதல் வாரத்திலும், பால் வற்றப்போகும் கடைசி நாட்களிலும் இந்தச் சோதனை செய்ய வேண்டாம். நல்ல மடியே அப்போது கூழ் காட்டும். சோதித்த பாலைக் கொட்டகைத் தரையில் ஊற்றாதீர்கள்.

கூழ் காட்டிய காம்பின் பாலை மருத்துவமனைக்கு எடுத்துப் போய், எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மருத்துவமனையில் தரும் சுத்தமான குப்பியில் பிடித்து, பனிக்கட்டி வைத்துக் கொண்டுபோக வேண்டும். வீட்டு டம்ளரில் எடுத்துப் போனால் டம்ளரின் கிருமிதான் வளரும். சொசைட்டியில் கேட்டவரிடம் அந்தச் சோதனைச் சீட்டைக் காட்டுங்கள். மேலே சொன்ன வெள்ளை அணுக்கள் போன்ற செல்கள், நல்ல மடிப் பாலில் ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கும். இரண்டு லட்சம் தாண்டினால் மடியில் நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்தைத் தாண்டும் பண்ணைப் பாலை வாங்கக் கூடாது என்றே சட்டம். நம் ஊரில் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்-ஐயும் மட்டும் பார்த்து விலை போடுகிறோம். செல் கணக்கையும் பார்த்திருந்தால் உங்களுக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

எங்கள் தெருவில் ஒன்பது வீட்டு மாடுகளையும் ஒரே கறவைக்காரர் கறக்கிறார். இருபது வருடப் பழக்கம். இந்த வருடம் நாலு வீட்டில் மடிநோய். அவர் கைதான் காரணம், அவரை நிறுத்துங்கள் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. — வாசகர், கும்பகோணம் பக்கம்

நிறுத்த வேண்டாம். ஆனால் கை காரணமாக இருக்கலாம் என்பது உண்மை.

மடிநோய்க் கிருமிகள் இரண்டு வகை. ஒன்று சாணம், சேறு, ஈரத் தரையில் இருந்து காம்புக்கு வருவது. மற்றொன்று நோய் கண்ட மடியிலேயே குடியிருந்து, கறக்கிற கை, துடைக்கிற துணி, கறவை இயந்திரம் வழியாக அடுத்த மாட்டுக்குப் போவது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற இரண்டும் இந்த இரண்டாம் வகை. ஒரே கை ஒன்பது வீடு போனால் இவற்றுக்கு நல்ல வண்டி கிடைத்த மாதிரி.

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் பக்கத்தில் ஷின்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1960-களில் நீவ், டாட், கிங்வில் என்ற ஆராய்ச்சியாளர்கள் அங்கே இருந்துகொண்டு, வெளியே விவசாயிகளின் பண்ணைகளில் வருடக்கணக்காகச் சோதனை நடத்தினார்கள். மருந்து கொடுத்து நோயைத் துரத்துவதைக் காட்டிலும் புதிதாக நோய் ஒட்டுவதைத் தடுப்பதுதான் பெரிய வேலை என்று அவர்களுக்குப் பிடிபட்டது. ஐந்து காரியங்கள் சொன்னார்கள். கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் கிருமிநாசினியில் முக்குவது. பால் வற்றும்போது மடிக்கு மருந்து வைப்பது. நோய் கண்டதை உடனே கவனித்துக் குறித்து வைப்பது. கறவை இயந்திரத்தைச் சீராக வைப்பது. திரும்பத் திரும்ப நோய் வரும் மாட்டைக் கழிப்பது. அறுபதுகளின் கடைசியில் அந்த நாட்டில் 100 மாட்டுக்கு வருடத்தில் நூறு தடவைக்கு மேல் மடிநோய் வந்தது, ஒரே மாட்டுக்குப் பல தடவை வரும். 1980-களின் தொடக்கத்தில் அது 40 அளவுக்கு இறங்கியது. மருந்து மட்டும் செய்த காரியமில்லை இது. முக்குகிற கிண்ணமும் ஒழுங்கும் சேர்ந்து செய்தது.

நீங்கள் ஒன்பது வீட்டுக்காரரும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, கறவைக்காரரையும் கூட வைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, அந்த வீட்டுக்கே உரிய துணி இருக்கட்டும். அவர் முழங்கை வரை கழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். வரிசையை மாற்றுங்கள்: முதல் ஈத்து மாடு முதலில், நல்ல மாடுகள் அடுத்து, நோய் கண்ட நாலும் கடைசியில். அப்புறம் அவர் எப்படிக் கறக்கிறார் என்று பாருங்கள். கட்டை விரலை மடக்கி, காம்பை முட்டியில் நசுக்கி இழுக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அது காம்பின் உள்பக்கத்தைப் புண்ணாக்கும். முழுக் கையால் பிடித்து, மேலிருந்து கீழாக விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கறக்க வேண்டும். பால் நுரையைக் கையில் தடவிக்கொண்டு கறப்பதும் கூடாது. பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

காம்பு முக்கப் பெரிய செலவு இல்லை. மருந்துக்கடையில் 5 சதவீத பொவிடோன் அயோடின் கிடைக்கும். அதில் வேலை செய்கிற அயோடின் அரை சதவீதம். அதை ஆறு பங்கும் கிளிசரின் ஒரு பங்கும் கலந்து, சின்ன டம்ளரில் ஊற்றி ஒவ்வொரு காம்பையும் முழுதாக முக்கி எடுங்கள். கிளிசரின் இல்லாமல் விட்டால் காம்பு வெடிக்கும். மிச்சத்தை மறுவேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

கறந்து முடித்ததும் மாட்டைப் படுக்க விடாதீர்கள். காம்பின் துளை கறக்கும்போது விரிகிறது. திரும்ப மூடிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கதவைத் திறந்து வைத்துக் கிருமியைக் கூப்பிடுவதுதான். எங்கள் பக்கத்தில் கறப்பதற்கு முன்னால் தீவனத் தொட்டியை நிரப்புவார்கள், மாடு அசையாமல் நிற்கட்டும் என்று. ஒரு பங்கை எடுத்து வைத்து, கறந்த பின் போடுங்கள். தின்னும் வரை மாடு நிற்கும்.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் உண்மையா? ஆங்கில மருந்து படித்த நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? — வாசகர், ஈரோடு மாவட்டம்

ஒப்புக்கொள்கிறேன், நிபந்தனையோடு. தஞ்சாவூரில் எங்கள் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, இப்படிப்பட்ட மரபு மருந்துகளை அளவு, முறை, நாள் கணக்கு என்று ஒழுங்குபடுத்தினார். அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் கைக்கு வந்த அளவுதான். தேசியப் பால்வள வாரியம் இந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். மடியைக் கழுவி, பாலை முழுவதும் பீய்ச்சி எடுத்துவிட்டு, ஒரு கை விழுதில் 150 முதல் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். நோய் கண்ட காம்பில் மட்டும் தடவினால் போதாது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து முறை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூன்று நாள் தின்னக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் காலையும் மாலையும் இரண்டு தடவை தடவிவிட்டு, கேட்கவில்லை என்கிறார்கள். எட்டு முறைக்குக் குறையவே கூடாது.

என் அனுபவத்தில் ஆரம்ப நிலை வீக்கத்துக்கும், மேலே சொன்ன கூழ் காட்டும் காம்புக்கும் இது நல்ல பலன் தருகிறது. மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தால், தீவனம் எடுக்காவிட்டால், இதை மட்டும் நம்பி ஒரு வேளை கூடக் காத்திருக்காதீர்கள்.

மடிக்குள் டியூப் மருந்து மூன்று நாள் போட்டோம். அந்தக் காம்புப் பாலை மட்டும் கீழே ஊற்றிவிட்டு மற்ற மூன்று காம்புப் பாலை சொசைட்டியில் ஊற்றலாமா? — வாசகி, திண்டுக்கல்

கூடாது. ஒரு காம்பில் போட்ட மருந்து இரத்தத்தில் கலந்து மற்ற மூன்றிலும் வரும். அட்டையில் எத்தனை நாள், எத்தனை வேளை பால் ஊற்றக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். கடைசி டியூபிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்கும். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பதும் தவறு. பெரும்பாலான ஆன்டிபயாடிக் கொதித்தாலும் போகாது. அந்தப் பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் சரியாக உறையாது. மருந்து தயிர்க் கிருமியையும் கொல்கிறது. தயிர் உறைந்துவிட்டது என்பதற்காக மருந்து இல்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அட்டைக் கணக்கே கணக்கு. கன்றுக்கும் கொடுக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்தக் கன்றின் குடலில்தான் வளரத் தொடங்கும். நாலு நாள் பால் காசு போவது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலை ஒரு குழந்தையும் குடிக்கும், அதனால் கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் 14 கறவை மாடு. வற்ற வைக்கும்போது எல்லா மாட்டுக்கும் டியூப் போடச் சொல்கிறார் ஒருவர், வேண்டாம் என்கிறார் இன்னொருவர். — வாசகர், நாமக்கல்

ஷின்ஃபீல்டுக்காரர்கள் எல்லா மாட்டுக்கும் போடச் சொன்னார்கள். அன்றைக்கு அது சரி, ஏனென்றால் அன்றைக்கு மாடுகளில் பெரும்பாலானவற்றின் மடியில் கிருமி இருந்தது. இன்றைக்கு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவிட்டன. நெதர்லாந்து 2010-களின் தொடக்கத்திலேயே எல்லா மாட்டுக்கும் போடும் வழக்கத்தைத் தடுத்தது. 2022 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே சட்டம்.

உங்கள் 14-க்கும் சலவைப் பவுடர் சோதனை செய்து நோட்டில் எழுதுங்கள். இந்த ஈத்தில் மடிநோய் கண்டது, சோதனையில் கூழ் காட்டியது, இவற்றுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் டியூப். மற்றவற்றுக்குக் காம்புத் துளையை அடைக்கும் பிஸ்மத் பசை உண்டு, கிடைத்தால் அது போதும். கன்று போட 60 நாள் இருக்கும்போது வற்ற வையுங்கள். வற்ற வைத்த முதல் இரண்டு வாரமும் கன்று போடும் முன் இரண்டு வாரமும்தான் ஆபத்தான நாட்கள். பால் இல்லாத மாடு என்று கொட்டகையின் ஈர மூலையில் கட்டிப் போடுவார்கள். அந்த மாட்டுக்குத்தான் காய்ந்த இடம் வேண்டும்.

கன்று போட்டு நான்கு நாள். நேற்றிரவு வரை நன்றாக இருந்தது. காலையில் காது சில்லிட்டிருக்கிறது, எழுந்திருக்கவில்லை, பால் மஞ்சள் தண்ணீராக வருகிறது. என்ன செய்வது? — தொலைபேசியில் கேட்டவர்

இவருக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இப்படிக் கண்டால் யாருக்கும் எழுதவோ, கைவைத்தியம் தேடவோ வேண்டாம். 1962-க்குப் போன் போடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். இ.கோலை போன்ற சாணக் கிருமியின் விஷம் உடம்பில் ஏறியிருக்கலாம். அந்தக் கிருமி சாதகமான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலையில் பார்த்ததை மாலைக்குத் தள்ளினால் மாடு மிஞ்சாது. கன்று போட்ட மாடு படுத்துவிட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம், அதனால் மருத்துவர் வந்தால்தான் தெரியும். அவர் வரும்வரை மாட்டை நெஞ்சு தரையில் படும்படி, வைக்கோல் அணை கொடுத்து உட்கார வையுங்கள். படுத்திருக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். நோய் கண்ட காம்பை முடிந்தவரை பீய்ச்சி எடுங்கள்.

தொலைபேசியில் கேட்டவரின் மாடு பிழைத்துக்கொண்டது. பால் பாதியாகிவிட்டது.

எங்கள் லட்சுமிக்கு மடிநோய் வந்து ஒரு காம்பு போய்விட்டது. இனி மூன்று காம்பு மாடு என்று அப்பா விற்கப் போகிறார். விற்காமல் இருக்க வழி உண்டா? — எட்டாம் வகுப்பு மாணவி, ஒரத்தநாடு பக்கம்

அம்மாடி, உன் கடிதத்தை அப்பாவுக்குத் தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு.

மூன்று காம்பு மாடு கறக்கும். மற்ற மூன்றும் ஓரளவு ஈடு கொடுக்கும். சில மாடுகளில் அடுத்த ஈத்தில் போன காம்பும் கொஞ்சம் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்லாகிப் போன மடியில் கிருமி பதுங்கியிருந்தால் அது மற்ற மாடுகளுக்குப் போகும். உங்கள் வீட்டில் லட்சுமி ஒன்றுதான் என்றால் அந்தக் கவலை இல்லை. வேறு மாடு இருந்தால் லட்சுமியைக் கடைசியாகக் கறக்கச் சொல், அவளுக்கென்று தனித் துணி வை, கறந்ததும் காம்பை முக்குவதை நீயே எடுத்துச் செய். மாதம் ஒருமுறை அந்தச் சலவைப் பவுடர் சோதனையைச் செய்து, எந்தக் காம்பு எப்படிக் காட்டுகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நானே பேசுகிறேன்.